டூலை எப்போது மாற்றுவது? கடினமாக்கிய எஃகைக் கடைபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

ஒக்லா, நரைனா, வஸீர்பூர், மாயாபுரி என்று டெல்லியின் தொழிற்பேட்டைகளில் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டுபவர்களுக்கும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஃபரீதாபாத்திலோ மானேசரிலோ வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும், பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைக்கும் இது உதவும். லேத் பக்கமே போகாதவருக்கும் புரியும்படி அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். கடினமான எஃகைக் கடையும்போது டூல் தேய்வதால் வரும் பெரிய நஷ்டம் டூலின் விலை அல்ல. தேய்ந்த டூல் உங்கள் ஜாபை (கடையப்படும் பொருளை) கெடுக்கிறது. சில நேரம் கண்ணுக்கே தெரியாமல் கெடுக்கிறது. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் கையிலிருக்கும் மைக்ரோமீட்டரே போதும்.

கடினமாக்கிய எஃகு என்றால் என்ன?

எஃகைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் சட்டென்று ஆற்றினால் அது மிகவும் கடினமாகிவிடும். இதுதான் ஹார்டனிங். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதால், மிதமான சூட்டில் இன்னொரு முறை வைத்து எடுப்பார்கள். இது டெம்பரிங். பேரிங் வளையம், கியர், டை, பஞ்ச் எல்லாம் இப்படித்தான் உறுதி பெறுகின்றன.

பேரிங் எஃகை நம் பட்டறைகளில் ‘ஈ.என். 31’ என்பார்கள். அமெரிக்கத் தர எண்ணில் அது 52100. அதில் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு கார்பனும் ஒன்றரைப் பங்கு குரோமியமும் உண்டு. இரண்டும் சேர்ந்து எஃகுக்குள் மிகக் கடினமான நுண்துகள்களை உண்டாக்குகின்றன. பேரிங் நெடுநாள் உழைக்க உதவும் அதே துகள்கள்தாம் உங்கள் டூலையும் உரசித் தின்கின்றன.

எவ்வளவு கடினம் என்பதை எப்படி அளக்கிறார்கள்?

ராக்வெல் சி என்ற அளவில். கூம்பு வடிவ வைர முனையை 150 கிலோ எடையால் எஃகின்மேல் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குறைவாக இறங்கினால் எண் அதிகம். பேரிங் வளையம் பொதுவாக 58 முதல் 62 வரை இருக்கும். 45-க்கு மேல் போனாலே அது ‘கடின எஃகைக் கடைதல்’ (ஹார்ட் டர்னிங்) என்ற தனி வகை வேலையாகிவிடும்.

ஒரு ராக்வெல் எண்ணுக்கு இரண்டு மைக்ரான் ஆழம்தான் வித்தியாசம். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஆகவே அழுக்கோ செதிலோ படிந்த பரப்பில் சோதித்தால் எண் தவறாகவே வரும். துடைத்து, லேசாகத் தேய்த்துவிட்டுச் சோதியுங்கள்.

உங்கள் கடினச் சோதனைக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, கடினத்தன்மை குறித்துத் தரப்படும் சோதனைக் கட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட அளவுகளுக்கு நாட்டின் மூல ஆதாரம் டெல்லி பூசாவிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம்.  

ஹார்டனிங் செய்த பிறகு ஏன் கடைய வேண்டும்? முன்பே முடித்துவிட்டால் என்ன?

நியாயமான கேள்வி. எஃகு மென்மையாக இருக்கும்போதே பெரும்பகுதியை வெட்டிவிடத்தான் செய்கிறோம். ஆனால் காய்ச்சி ஆற்றும்போது ஜாப் சற்றுக் கோணும், அளவும் மாறும். பேரிங் உட்காரும் இடத்தில் பத்து இருபது மைக்ரான் பிசகினாலே பிரச்சினை. எனவே கடைசி அளவை ஹார்டனிங்குக்குப் பிறகுதான் கொண்டுவர முடியும்.

அந்தக் கடைசி வேலையைப் பல காலமாகக் கிரைண்டிங் (சாணைக்கல்லால் தேய்த்தல்) செய்துவந்தது. இப்போது நல்ல சி.என்.சி. (கணினி இயக்கும்) லேத்தும் தகுந்த டூலும் இருந்தால் பல ஜாபுகளை லேத்திலேயே முடிக்கலாம். ஒரே பிடிப்பில் உள்பக்கம், வெளிப்பக்கம், முகம் மூன்றையும் எடுக்கலாம். நேரம் குறையும், தனி கிரைண்டிங் மெஷினும் வேண்டாம். இந்த லாபம் கைக்கு வருவதும் வராததும் டூல் தேய்மானத்தை நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

இதற்கு எந்த டூல் போடுவது?

பழைய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் உதவாது. 600 பாகை சூட்டைத் தாண்டினால் அதுவே மென்மையாகிவிடும். கடின எஃகை வெட்டும் இடத்தில் அதைவிட அதிகச் சூடு உண்டு.

அடுத்தது கார்பைடு (டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த கடினப் பொருள்). 1920-களில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் விடியா என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. நம் பட்டறைகளில் இன்றும் எந்தக் கம்பெனி கார்பைடையும் ‘விடியா’ என்றே கேட்பவர்கள் உண்டு. மேற்பூச்சுள்ள நல்ல கார்பைடு ராக்வெல் 50 வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் சீக்கிரம் போய்விடும்.

மூன்றாவது செராமிக். அலுமினியம் ஆக்சைடோடு டைட்டானியம் கார்பைடு கலந்த கறுப்பு நிற இன்சர்ட் (டூல் நுனியில் மாட்டிக் கழற்றும் வெட்டுத் துண்டு) கடின எஃகுக்கு ஏற்றது. விலை நடுத்தரம். சூட்டைத் தாங்கும், ஆனால் அதிர்ச்சியைத் தாங்காது.

நான்காவது சி.பி.என். போரானும் நைட்ரஜனும் சேர்ந்த பொருள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம். 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ராபர்ட் வென்டார்ஃப் இதை முதலில் உருவாக்கினார். ராக்வெல் 58-க்கு மேல் தொடர்ந்து வேலை செய்பவருக்கு இதுவே சரி.

வைரமே போடலாமே என்று தோன்றும். கூடாது. வைரம் என்பது கார்பன். வெட்டும் சூட்டில் கார்பன் இரும்புக்குள் கரைந்துபோகும். வைர டூல் அலுமினியத்துக்கும் பித்தளைக்கும்தான்.

கடையில் வெறுமனே ‘சி.பி.என். கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். அதில் தரங்கள் உண்டு. இடைவிடாமல் வெட்டும் மென்மையான கடைசி வேலைக்குச் சி.பி.என். பங்கு பாதியை ஒட்டியிருக்கும் தரம் அதிக நாள் வரும். பங்கு அதிகம் என்றால் ஆயுளும் அதிகம் என்று நினைப்பது இந்த வேலையில் பொருந்தாது. சாவித்தடமோ குறுக்குத் துளையோ உள்ள ஜாபில் டூல் ஒவ்வொரு சுற்றிலும் மோதும். அதற்கு வேறு தரம் வேண்டும். ராக்வெல் எண், ஜாபின் வடிவம், வெட்டு விட்டுவிட்டு வருமா என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

எஃகு கடினமானது என்றால் வெட்டும் விசையும் மிக அதிகமாக இருக்குமே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது.

சாதாரண மெது எஃகில் 2 மி.மீ. ஆழமும் 0.3 மி.மீ. ஃபீடும் (ஜாப் ஒரு சுற்றுச் சுற்றும்போது டூல் நகரும் தூரம்) வைத்து ரஃப் வெட்டு எடுத்தால், டூல்மேல் 1,300 நியூட்டன் அளவுக்கு விசை வரும். எடையாகச் சொன்னால் ஏறத்தாழ 130 கிலோ. கடின எஃகில் 0.2 மி.மீ. ஆழமும் 0.1 மி.மீ. ஃபீடும்தான் வைப்போம். வெட்டப்படும் பகுதி முப்பதில் ஒரு பங்கு. எனவே, எஃகின் கடினத்தால் விசை சற்றுக் கூடினாலும், சுற்றும் திசையில் வரும் முக்கிய விசை 100 நியூட்டனை, அதாவது பத்துக் கிலோவை ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் கவலை எதற்கு? இரண்டு காரணங்கள். ஒன்று, அந்தச் சிறு விசை முழுவதும் நூலளவு விளிம்பின்மேல் குவிகிறது. விசை குறைவு, அழுத்தம் மிக அதிகம். இரண்டு, விசையின் திசை மாறிவிடுகிறது. இந்த இரண்டாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

விசையின் திசை மாறுவது என்றால்?

டூல்மேல் விசை மூன்று திசைகளில் வரும். முதலாவது, ஜாப் சுற்றும் திசையில் டூலைக் கீழே அழுத்துவது. இரண்டாவது, ஃபீடு போகும் திசையை எதிர்ப்பது. மூன்றாவது, டூலை ஜாபிலிருந்து நேராகப் பின்னுக்குத் தள்ளுவது. இந்த மூன்றாவதைப் பின்தள்ளு விசை என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண வேலையில் முதல் விசைதான் பெரியது. பின்தள்ளு விசை பெரும்பாலும் கடைசி இடம். கடின எஃகில் பின்தள்ளு விசை மற்ற இரண்டையும் மிஞ்சிவிடுவது வழக்கம். இன்சர்ட் முனையின் வளைவு (நோஸ் ரேடியஸ்) 0.8 மி.மீ. இருக்கும், நாம் வெட்டும் ஆழமோ 0.2 மி.மீ. எனவே வளைந்த மூக்கின் நுனி மட்டுமே வேலை செய்கிறது. அது பக்கவாட்டில் வெட்டுவதைவிட நேராக அழுத்துவதே அதிகம். போதாததற்கு, உடையாமலிருக்க இந்த இன்சர்ட்டுகளின் விளிம்பைக் கம்பெனியிலேயே சற்று மழுக்கித் தருகிறார்கள்.

இதனால் என் ஜாபுக்கு என்ன ஆகும்?

ஜாப் வளையும். 20 மி.மீ. விட்டமுள்ள தண்டைச் சக்கில் (ஜாபைப் பிடிக்கும் பகுதி) பிடித்து 100 மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். மறுமுனையில் தாங்கல் இல்லை. பின்தள்ளு விசை 150 நியூட்டன் என்றால், தண்டின் நுனி ஏறத்தாழ 30 மைக்ரான் விலகிக்கொடுக்கும். நுனியில் விட்டம் 60 மைக்ரான் கூடுதலாக வரும். சக் பக்கம் அளவு சரி, நுனிப் பக்கம் தடிப்பு. புரோகிராமைத் தேடினால் தவறே கிடைக்காது.

அதே தண்டை 50 மி.மீ. மட்டும் நீட்டினால் விலகல் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். நான்கு மைக்ரானுக்கும் கீழே. நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு என்பதே கணக்கு. எனவே நீட்டும் நீளத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். குறைக்க முடியாவிட்டால் டெயில்ஸ்டாக்கால் (மறுமுனையைத் தாங்கும் பகுதி) தாங்குங்கள். டூல் ஹோல்டருக்கும் இதே விதிதான்.

பழைய லேத்தில் ஸ்லைடு ஆட்டம் இருந்தால் அந்த ஆட்டம் முழுவதும் இந்தத் திசையில் வெளிப்படும். சாதாரண வேலையில் ஒழுங்காக ஓடும் மெஷின் கடின எஃகில் மட்டும் நடுங்கிக் கோடு விழுவதற்கு இது முக்கியமான காரணம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் ஆட்டத்தைச் சரிபாருங்கள்.

டூல் எப்படித் தேய்கிறது?

இரண்டு இடங்களில். டூலின் முன் பக்கம், அதாவது வெட்டிய பரப்போடு உரசும் பக்கம், பட்டையாகத் தேயும். இதைப் பக்கத் தேய்மானம் (ஃப்ளாங்க் வேர்) என்கிறோம். மேல் பக்கம், அதாவது சீவல் வழுக்கிப் போகும் பக்கம், சூட்டாலும் வேதி மாற்றத்தாலும் சிறு பள்ளம் விழும். பள்ளம் ஆழமாகி விளிம்பை நெருங்கினால் ஒரு நாள் திடீரென்று விளிம்பு உடையும்.

பக்கத் தேய்மானத்துக்கு மூன்று கட்டம் உண்டு. புது விளிம்பு முதலில் வேகமாகக் கொஞ்சம் தேயும். பிறகு நெடுநேரம் மெதுவாக, சீராகத் தேயும். கடைசியில் மறுபடியும் வேகம் பிடித்துச் சட்டென்று போய்விடும். இரண்டாவது கட்டம் முடியும் முன் டூலை மாற்றுவதுதான் திறமை.

தேய்ந்தால் விசைக்கு என்ன ஆகும்?

தேய்ந்த பட்டை ஜாபின்மேல் அகலமாக உரசுகிறது. மழுங்கிய அரிவாள்மனையில் தக்காளி நறுக்கினால் அரியாமல் நசுங்குவது போலத்தான். மூன்று விசைகளும் கூடும், ஆனால் எல்லாவற்றையும்விட வேகமாகக் கூடுவது பின்தள்ளு விசை. அது இரண்டு மடங்கானால், மேலே சொன்ன தண்டின் வளைவும் இரண்டு மடங்கு.

‘என் சி.என்.சி.யில் லோடு மீட்டர் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பீர்கள். அந்த மீட்டர் சுழல் மோட்டாரின் சுமையைக் காட்டும். மோட்டார் உணர்வது சுற்றும் திசை விசையை மட்டுமே. டூலை நேராகப் பின்னுக்குத் தள்ளும் விசை அதில் தெரியாது. லோடு மீட்டர் அமைதியாக இருப்பதால் டூல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆய்வுக்கூடங்களில் டைனமோமீட்டர் (விசை அளக்கும் கருவி) வைத்து மூன்று திசைகளையும் அளக்கிறார்கள். சிறு பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

அந்த வழி என்ன?

ஜாபின் அளவைக் குறித்து வைப்பது. டூல் பட்டையாகத் தேயும்போது அதன் விளிம்பு கொஞ்சம் பின்வாங்குகிறது. இன்சர்ட்டின் பின்சரிவு (டூலின் முன் பக்கம் ஜாபை விட்டு விலகிச் சாயும் கோணம்) 6 பாகை இருக்க, தேய்ந்த பட்டையின் அகலம் 0.2 மி.மீ. ஆனால், விளிம்பு ஏறத்தாழ 0.02 மி.மீ. பின்வாங்கியிருக்கும். வெளி விட்டம் 0.04 மி.மீ. கூடும். அதோடு பின்தள்ளு விசை கூடியதால் வரும் வளைவும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே ஜாப் தடிக்கத் தடிக்க நீங்கள் கொடுக்கும் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) தேய்மானத்தின் கணக்குப் புத்தகமாகிறது. ஒவ்வொரு புது விளிம்புக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனையாவது ஜாபில் எத்தனை மைக்ரான் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாக வரும், பிறகு சீராகும். சீராக வந்துகொண்டிருந்த திருத்தம் திடீரென்று கூடுதலாகத் தேவைப்பட்டால் மூன்றாவது கட்டம் தொடங்கிவிட்டது. அந்த இடத்திலேயே மாற்றுங்கள்.

தண்டின் இரு முனைகளையும் அளந்து பார்த்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கும். இரு முனையும் ஒரே அளவு தடித்தால் விளிம்பு பின்வாங்கியிருக்கிறது. தாங்கலில்லாத முனை மட்டும் கூடுதலாகத் தடித்தால் பின்தள்ளு விசை ஏறியிருக்கிறது. இப்படி மைக்ரோமீட்டரே உங்களுக்கு விசைமானியாகிறது.

எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்?

உலகத் தர நிறுவனத்தின் 3685-ஆம் எண் தரம், டூல் ஆயுள் சோதனைக்குப் பக்கத் தேய்மானம் சராசரியாக 0.3 மி.மீ. என்பதை எல்லையாக வைக்கிறது. அது சோதனைக்கான எல்லை. கடின எஃகில் கடைசி அளவு எடுக்கும் வேலைக்கு அவ்வளவு தூரம் போகாதீர்கள். 0.2 மி.மீ.க்குள் மாற்றுவது நல்லது. அளவு காட்டும் கோடுள்ள கையடக்கப் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் பார்த்துவிடலாம்.

அளவும் பளபளப்பும் சரியாக இருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கான பதிலை நிதானமாகப் படியுங்கள். தேய்ந்த டூல் உரசும் சூட்டில் ஜாபின் மேற்பரப்பு நொடிக்குள் காய்ந்து நொடிக்குள் ஆறுகிறது. அதாவது மேற்பரப்பில் மட்டும் இன்னொரு ஹார்டனிங் நடந்துவிடுகிறது, டெம்பரிங் இல்லாமல். சில மைக்ரான் தடிமனில் நொறுங்கும் தன்மையுள்ள ஒரு படலம் உண்டாகிறது. ஜாபை அறுத்து, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தால் அது வெள்ளையாகத் தெரியும். அதனால் வெள்ளைப் படலம் என்று பெயர்.

படலத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இழுவிசையும் தங்கிவிடும். அந்த வளையம் பேரிங்காகச் சுற்றத் தொடங்கினால் படலத்தில் நுண்ணிய விரிசல் விழுந்து, செதிலாகப் பெயர்ந்து, ஆயுள் முடியும் முன்பே போய்விடக்கூடும். உங்கள் மைக்ரோமீட்டரும் பளபளப்பு மீட்டரும் இதைக் காட்டாது. வாடிக்கையாளரின் வண்டியில்தான் தெரியும். டூல் தேயத் தேய இந்தப் படலம் தடிக்கும். டூலை உரிய நேரத்தில் மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத இந்தக் குற்றத்திலிருந்து உங்களைக் காக்கும் நேரடி வழி.

வேகத்தைக் குறைத்தால் டூல் அதிகம் உழைக்குமா?

உழைக்கும். டூல் ஆயுளைத் தீர்மானிப்பதில் வேகத்துக்கே முதலிடம். அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் 26 ஆண்டு காலச் சோதனைகளுக்குப் பிறகு 1907-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. கார்பைடுக்கு வழக்கமாக எடுக்கும் மதிப்பை வைத்துப் பார்த்தால், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும்போது ஆயுள் ஏறத்தாழ 2.4 மடங்காகிறது. ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பாதியாகிறது. செராமிக், சி.பி.என். டூல்களில் மாற்றம் இதைவிட மென்மையாக இருக்கும், திசை ஒன்றுதான்.

ஆனால் கண்டபடி குறைக்காதீர்கள். வெட்டும் இடத்தில் உண்டாகும் சூடுதான் அந்த நொடியில் எஃகை இளக்கி டூலுக்கு வழிவிடுகிறது. மிகக் குறைந்த வேகத்தில் அந்த உதவி போய்விடும். விளிம்பு உதிரத் தொடங்கும். சி.பி.என். டூலுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 200 மீட்டர் என்பது வழக்கமான வரம்பு. 50 மி.மீ. விட்டமுள்ள ஜாபில் 120 மீட்டர் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 760 சுற்று. உங்கள் இன்சர்ட் டப்பாவில் கம்பெனி போட்டிருக்கும் வரம்பின் நடுவிலிருந்து தொடங்குங்கள்.

ஆழத்தையும் ஃபீடையும் மிகமிகக் குறைத்தால் பாதுகாப்பு என்று எண்ணுவதும் சரியல்ல. விளிம்பின் மழுக்கலைவிட மெல்லியதாக வெட்டப் பார்த்தால் டூல் வெட்டாது, தேய்க்கும். சூடும் தேய்மானமும்தான் மிஞ்சும்.

நல்ல பரப்பு வேண்டும். எதை மாற்றுவது?

இதற்கு டெல்லியிலேயே விடை தேடியிருக்கிறார்கள். ஹௌஸ் காஸிலுள்ள ஐ.ஐ.டி.யில் தில்பாக் சிங்கும் பேராசிரியர் பி. வெங்கடேஸ்வர ராவும் கடினமாக்கிய 52100 எஃகைச் செராமிக் இன்சர்ட்டால் கடைந்து பார்த்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரப்பின் மென்மையைத் தீர்மானிப்பதில் ஃபீடு முதலிடம், முனை வளைவு அடுத்தது, வேகம் அதற்கடுத்தது என்பது அவர்கள் கண்டது.

இதைப் பட்டறைக் கணக்காக்கிக்கொள்ளலாம். ஃபீடைப் பாதியாக்கினால் பரப்பின் மேடுபள்ளம் கணக்குப்படி நாலில் ஒரு பங்காகும். 0.8 வளைவில் 0.1 ஃபீடுக்கு ஒன்றரை மைக்ரானை ஒட்டி வரும், 0.05-க்கு 0.4 மைக்ரான். பெரிய வளைவுள்ள இன்சர்ட்டும் பரப்பை மென்மையாக்கும், ஆனால் பின்தள்ளு விசையைக் கூட்டும். தடித்த, குட்டையான ஜாபுக்குப் பெரிய வளைவு போடுங்கள். மெல்லிய, நீண்ட ஜாபுக்குச் சிறிய வளைவு வைத்து ஃபீடைக் குறையுங்கள்.

கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தொடர் வெட்டில் சி.பி.என்., செராமிக் இரண்டும் உலர்வாகவே நன்றாக ஓடும். செராமிக்கில் ஒரு எச்சரிக்கை: அரைகுறையாகத் தெளிக்காதீர்கள். சூடான விளிம்பில் விட்டுவிட்டுக் கூலன்ட் பட்டால் விரிசல் விழும். ஊற்றினால் முதலிலிருந்து நிறைய ஊற்றுங்கள், இல்லையென்றால் ஊற்றவே வேண்டாம்.

கூலன்ட் இல்லாமல் உராய்வை மட்டும் குறைக்க முடியுமா என்றும் அதே ஐ.ஐ.டி. குழு சோதித்தது. கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு என்ற வழுவழுப்பான தூள்களைப் பயன்படுத்தியபோது பரப்பு மேம்பட்டது என்று 2008-இல் எழுதினார்கள். பயன்படுத்திய கூலன்டைச் சாக்கடையில் விட முடியாத, விடக் கூடாத இந்த ஊரில் உலர்வாக வேலை செய்யப் பழகுவது செலவையும் குறைக்கும்.

உலர்வாகக் கடையும்போது சீவல் சிவக்கச் சிவக்க வரும். கதவை மூடி ஓட்டுங்கள். எண்ணெய்த் துணியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். சீவலைக் கையால் இழுக்கவே கூடாது.

காலையில் ஓகே ஆன ஜாப் மதியம் ரிஜெக்ட் ஆவது ஏன்?

டூல் தேய்மானத்தோடு டெல்லியின் தட்பவெப்பமும் இதில் சேர்கிறது. 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஒரு பாகை சூட்டுக்கு அரை மைக்ரானுக்குச் சற்று மேல் விரியும். ஜனவரியில் காலை 8 பாகையும் மதியம் 20 பாகையுமாக இருந்தால் அதிலேயே ஏழு மைக்ரான். உலர்வாகக் கடைந்து சக்கிலிருந்து எடுத்த ஜாப் அறைச் சூட்டைவிடப் பல பாகை அதிகமாக இருக்கும். உடனே அளந்தால் தடிப்பாகக் காட்டும். நீங்கள் ஆஃப்செட்டைக் குறைப்பீர்கள். ஆறிய பிறகு ஜாப் மெலிந்திருக்கும்.

ஜாபை ஆறவிட்டு, மைக்ரோமீட்டரோடும் மாஸ்டர் ஜாபோடும் ஒரே மேசையில் கொஞ்ச நேரம் வைத்துப் பிறகு அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் பிழை பெரும்பாலும் தானே நீங்கிவிடும். இதைச் செய்யாமல் எழுதிய தேய்மான நோட்டு தவறான பாடத்தைத்தான் சொல்லும்.

இன்னும் கொஞ்சம் ஓட்டினால் டூல் காசு மிச்சமாகாதா?

ஓர் உதாரணக் கணக்கு. இன்சர்ட்டின் ஒரு விளிம்பு 600 ரூபாய், 60 ஜாப் எடுக்கிறது என்று கொள்வோம். ஜாபுக்குப் பத்து ரூபாய். இழுத்துப் பிடித்து 75 ஜாப் எடுத்தால் எட்டு ரூபாய். மொத்த மிச்சம் 150 ரூபாய். ஹார்டனிங் வரை முடிந்து வந்த ஒரு ஜாபின் அடக்கம் 400 ரூபாய் என்றால், அந்தக் கூடுதல் பதினைந்தில் ஒன்று கெட்டாலே மிச்சம் போய் 250 ரூபாய் நஷ்டம். உங்கள் உண்மையான விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். கடின எஃகில் ஜாப் லேத்துக்கு வரும்போதே அதில் பெரும் செலவு ஏறியிருக்கிறது என்பதால், விடை பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

தீர்ந்த கார்பைடு இன்சர்ட்டை இரும்புக் குப்பையோடு கொட்டாதீர்கள். அதிலுள்ள டங்ஸ்டனுக்குத் தனி விலை உண்டு. தனி டப்பாவில் சேர்த்து விற்கலாம். சி.பி.என். முனையைச் சில இடங்களில் மறுபடி தீட்டியும் தருவார்கள்.

நாளை வேலைக்குப் போனதும் எதிலிருந்து தொடங்குவது?

ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு மூன்று ஜாபின் கடினத்தை முதலில் சோதியுங்கள். 58 என்று சொல்லி 62 வந்தால் டூல் ஆயுள் பற்றிய உங்கள் கணக்கெல்லாம் தவறும். ஜாபையும் டூல் ஹோல்டரையும் முடிந்த அளவு குட்டையாகப் பிடியுங்கள். ஆறிய ஜாபை இரு முனையிலும் அளந்து, ஆஃப்செட்டை நோட்டில் எழுதுங்கள். மூன்று நான்கு விளிம்புகளுக்கு இப்படி எழுதினால், எத்தனை ஜாபில் திருத்தம் திடீரென ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பத்தில் இரண்டு பங்கு முன்பே மாற்றுவது என்று ஒரு எண்ணை முடிவு செய்து மெஷின்மேல் ஒட்டிவிடுங்கள்.

அதன் பிறகு இரவு ஷிப்டில் புதிதாக வந்த பையன் ஓட்டினாலும் டூல் சரியான நேரத்தில் மாறும். யாருடைய காதையும் கண்ணையும் நம்பியிராமல், உங்கள் பட்டறையிலேயே அளந்து எடுத்த எண்ணை நம்பி வேலை நடக்கும். வாடிக்கையாளர் உங்களிடம் திரும்பி வருவது அந்த நம்பகத்தன்மைக்காகத்தான்.